பூனையும் பின்னலூசியும்: சில வரலாற்றுக் குறிப்புகள்

பூனாகலை என்று ஊர்ப்பெயரைச் சொன்னால் வெளியூர் நண்பர்கள் முதலில் கேட்பது, "அங்கே பூனைகள் கூடவோ?" என்பதைத்தான். பெயரை வைத்துக் கேட்கும் பகிடி அது. ஆனால் பதில் "ஓம்" என்பதே. பண்டாரவளையிலிருந்து கொஸ்லந்தைப் பக்கமாக இறங்கும் மலைச்சரிவுகளில் லயங்கள் உள்ள இடமெல்லாம் பூனைகள் உண்டு. அரிசி மூட்டையும் கோதுமை மா மூட்டையும் இருக்கும் இடத்தில் எலி இருக்கும். எலி இருக்கும் இடத்துக்குப் பூனை வரும். அத்தோடு இங்கே குளிர். மார்கழி, தை மாதங்களில் விடியற்காலைப் பனிமூட்டத்தில் பத்தடி தூரத்தில் நிற்பவரின் முகம் தெரியாது. ஆதலால் கம்பளி நூலும் பின்னலூசியும் எங்கள் வீடுகளுக்குப் புதியவையல்ல.

பூனையையும் பின்னலையும் வைத்து ஒரு வரலாற்றுக் கட்டுரையா என்று வாசகர்கள் நகைக்கக்கூடும். இதை எழுத நேர்ந்ததே ஒரு நண்பர் நகைத்ததால்தான். எங்கள் வீட்டுத் திண்ணையில் சனிக்கிழமை தோறும் ஒரு சிறு காரியம் நடக்கிறது. சந்தையடியிலும் தேயிலைச் செடிகளுக்கு நடுவிலும் சாக்கில் கட்டி விடப்படும் பூனைக்குட்டிகளை எடுத்து வந்து, தேற்றி, விரும்பிக் கேட்கும் வீடுகளுக்குக் கொடுக்கிறோம். ஒவ்வொரு குட்டியோடும் உம்மாவும் சில மாணவியரும் பின்னிய கம்பளி விரிப்பொன்றையும் சேர்த்துக் கொடுக்கிறோம். இவ்வளவுதான்.

2022ஆம் ஆண்டு, மண்ணெண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் பால்மாவுக்கும் நாடே வரிசையில் நின்ற நாட்களில், என்னோடு படிப்பிக்கும் நண்பர் ஒருவர் இதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மனிசனுக்கே சாப்பாடில்லாத நேரத்தில பூனைக்குக் கம்பளியா மாஸ்டர்? இதெல்லாம் வெள்ளைக்காரன்ட பழக்கம்."

அவருடைய கேள்வி நியாயமானது. அதற்குப் பின்னால் வருகிறேன். ஆனால் "வெள்ளைக்காரன்ட பழக்கம்" என்ற இரண்டாவது கூற்று வரலாற்றுப் பிழை. வரலாறு படிப்பிக்கும் ஒருவன் அதைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்கலாகாது.

*

முதலில் பின்னலை எடுத்துக்கொள்வோம். நெசவு வேறு, பின்னல் வேறு. நெசவுக்குப் பாவும் ஊடையும் தறியும் வேண்டும். பின்னலுக்கு ஒரே நூலும் இரண்டு ஊசிகளும் போதும். ஒரு கண்ணிக்குள்ளால் அடுத்த கண்ணியை இழுத்து, வரிசை வரிசையாக வளர்த்துக்கொண்டு போகலாம். தவறினால் நூலின் நுனியைப் பிடித்து இழுத்து முழுவதையும் பிரித்துவிட்டு, அதே நூலால் மீண்டும் தொடங்கலாம்.

எகிப்தில் கி.பி. 3 முதல் 5ஆம் நூற்றாண்டு வரையான காலத்துக்குரிய சிவப்புக் கம்பளி மேசுகள் கிடைத்துள்ளன. இலண்டன் விக்டோரியா அல்பேர்ட் அரும்பொருட் காட்சியகத்தில் அவை உள்ளன. செருப்போடு அணிவதற்காகப் பெருவிரற் பகுதி பிரிந்திருக்கும். ஆனால் அவை ஒற்றை ஊசியால், நூல் முழுவதையும் ஒவ்வொரு முறையும் கோத்து இழுத்துச் செய்யப்பட்டவை. அந்த வேலைப்பாட்டை இலகுவில் பிரிக்க முடியாது. இரண்டு ஊசிப் பின்னலுக்கு இன்று காட்டப்படும் மிகப் பழைய சான்றுகள் இஸ்லாமிய எகிப்தைச் சேர்ந்தவை. பழைய கெய்ரோவான புஸ்தாத் முதலான இடங்களிற் கிடைத்த பருத்தி மேசுகளும் துண்டங்களுமே அவை. வெள்ளைப் பருத்தியோடு அவுரி நீல நூல் சேர்த்து, சிலவற்றில் கூபி எழுத்தை ஒத்த கோலங்களும் போட்டிருக்கிறார்கள். அதே புஸ்தாத்தின் இடிபாடுகளிலேயே குஜராத்தில் அச்சிடப்பட்ட பருத்தித் துணிகளும் கிடைத்துள்ளன. நம் முன்னோர் சென்று வந்த இந்து சமுத்திர வணிகப் பாதையின் மறு முனையே அந்த நகரம்.

அங்கிருந்து ஸ்பெயினுக்கு வருவோம். கஸ்தீலிய இளவரசர் பெர்னாண்டோ தெ லா செர்தா 1275இல் இறந்தார். பூர்கோஸ் நகரத்து லாஸ் உவெல்காஸ் மடாலயத்தில் அவரை அடக்கினார்கள். அவருடைய கல்லறையிலிருந்து பட்டு நூலாற் பின்னிய தலையணை உறையொன்று கிடைத்தது. மிக நுண்ணிய வேலை. அதன் விளிம்பைச் சுற்றி அரபு எழுத்தில் "பரக்கத்" என்ற சொல் திரும்பத் திரும்ப வருகிறது. முஸ்லிம் பின்னற்காரரின் கைவேலை என்றே ஆய்வாளர்கள் அதைக் கருதுகின்றனர். கிறிஸ்தவ இளவரசனின் தலைக்குக் கீழே முஸ்லிம் கைகள் வைத்த துஆ அது. இங்கிலாந்தில் வில்லியம் லீ என்பவர் மேசு பின்னும் பொறியைக் கண்டுபிடித்தது 1589இல். அதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே இந்தத் தலையணை மண்ணுக்குள் போய்விட்டது.

இலங்கையில் நாம் காலுறையை "மேசு" என்கிறோம். போர்த்துக்கேயரின் "மெயாஸ்" என்ற சொல்லே அது. உடுப்பில் வைத்துத் தைக்கும் "ரேந்தை"யும் அவர்களுடைய "ரெந்தா"தான். வெள்ளைக்காரர் கப்பலில் வந்த சொற்கள் இவை என்பதை மறுப்பதற்கில்லை. 1824இல் தொடங்கிய உடுவில் மகளிர் பாடசாலையைப் போன்ற மிஷன் பாடசாலைகள் பெண்பிள்ளைகளுக்கு ஊசிவேலையைப் பாடமாக்கின என்பதும் உண்மை. ஆனால் அந்தக் கைவேலை ஐரோப்பாவுக்குப் போன வழியில் முஸ்லிம்களின் வீடுகள் இருந்தன. நம் உம்மும்மாமார் கொக்கி ஊசியால் நூல் தொப்பி பின்னியபோது தெரிந்தோ தெரியாமலோ ஒரு பழைய கணக்கைத்தான் தொடர்ந்தார்கள்.

*

இனிப் பூனை. நபித்தோழர் அபூ ஹுரைரா (ரலி) அவர்களின் பெயரே பூனைக்குட்டியின் தந்தை என்று பொருள்படுவது. யமன் நாட்டுத் தவ்ஸ் கோத்திரத்தவர். வீட்டாரின் ஆடுகளை மேய்த்தபோது சிறு பூனையொன்றை வைத்திருந்ததாகவும், இரவில் அதை மரத்தில் விட்டுவிட்டுப் பகலில் அதனோடு விளையாடியதாகவும் அவரே சொன்ன செய்தி திர்மிதியில் பதிவாகியுள்ளது. அபூ கதாதா (ரலி) அவர்கள் தாம் வுழூச் செய்ய வைத்திருந்த நீரைப் பூனை குடிப்பதற்காகப் பாத்திரத்தைச் சாய்த்துப் பிடித்தார்கள். மருமகள் கப்ஷா வியப்போடு பார்த்ததைக் கண்டு, பூனை அசுத்தமல்ல, உங்களைச் சுற்றி வருபவற்றில் ஒன்று என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னதை எடுத்துக் கூறினார்கள். பூனையை அடைத்து வைத்து, உணவும் கொடாமல், தானாகத் தேடித் தின்னவும் விடாமற் சாகடித்த பெண்ணைப் பற்றிய எச்சரிக்கை புகாரியிலும் முஸ்லிமிலும் உண்டு.

அதிகம் பேசப்படாத இன்னொரு செய்தியும் முஸ்லிமில் இருக்கிறது. பூனையை விற்றுப் பணம் பெறுவதை நபி (ஸல்) அவர்கள் கண்டித்ததாக ஜாபிர் (ரலி) அறிவிக்கிறார்கள். நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின் பேரறிஞர் இமாம் நவவி இதற்கு விளக்கம் எழுதினார். விற்பது அறவே ஹராம் என்று அவர் சொல்லவில்லை. மக்கள் பூனையை அன்பளிப்பாகவும் இரவலாகவும் தாராள மனத்தோடு கொடுத்துப் பழகவேண்டும் என்பதே அந்தக் கண்டிப்பின் நோக்கம் என்கிறார். இதை வாசித்த இரவு நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வெகுநேரம் இருந்தேன். எங்கள் திண்ணையில் நாங்கள் செய்வதை எழுநூறு ஆண்டுகளுக்கு முன் ஒருவர் சட்ட விளக்கமாக எழுதி வைத்திருக்கிறார்!

இமாம் நவவியின் காலத்தில் எகிப்தையும் சிரியாவையும் ஆண்டவர் சுல்தான் ழாஹிர் பைபர்ஸ். இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. போரைக் காரணம் காட்டி மக்கள்மீது சுமத்தப்பட்ட வரிகளையும் திமிஷ்கின் தோட்டங்களைக் கையகப்படுத்த எடுத்த முயற்சியையும் எதிர்த்து நவவி சுல்தானுக்கு அஞ்சாமற் கடிதங்கள் எழுதியவர். இருவரும் இறந்தது 1277ஆம் ஆண்டிலேயே. ஆட்சி பற்றி முரண்பட்ட இந்த இருவரும் பூனை விடயத்தில் ஒரே பக்கம் நின்றார்கள். கெய்ரோவில் பூனைகளின் பராமரிப்புக்கென்று பைபர்ஸ் ஒரு தோட்டத்தையே வக்பு செய்தார் என்பது மரபு. 1836இல் வெளியான தமது நூலில் எட்வர்ட் லேன் இதைக் குறிப்பிடுகிறார். தோட்டம் பலமுறை கைமாறிவிட்ட பின்னரும், காழியின் பொறுப்பில் நீதிமன்ற முற்றத்தில் பிற்பகல் வேளைகளில் பூனைகளுக்கு உணவு போடப்பட்டதாக அவர் எழுதுகிறார். பூனைக்குச் சோறு போடுவது யாருடைய பழக்கம் என்பதற்கு வெள்ளைக்காரர் ஒருவரின் சாட்சியமே போதும்.

இவ்விடத்தில் ஒரு திருத்தமும் சொல்லவேண்டும். நபி (ஸல்) அவர்களின் ஆடைக் கையில் "முஅஸ்ஸா" என்ற பூனை உறங்கியதாகவும், அதை எழுப்பாமல் அவர்கள் கையை வெட்டிவிட்டு எழுந்ததாகவும் மேடைகளிற் சொல்லக் கேட்கிறோம். ஹதீஸ் தொகுப்புகளில் இச்செய்தி இல்லை. இதை ஒத்த சம்பவம் ஸெய்யிது அஹ்மத் கபீர் றிபாஇ அவர்களைப் பற்றியே வரலாற்று நூல்களில் வருகிறது. ஈராக்கில் வாழ்ந்து ஹிஜ்ரி 578இல், அதாவது 1182இல், மறைந்தவர்கள். நம் ஊர்ப் பள்ளிகளிலும் தக்கியாக்களிலும் ஓதப்படும் றிபாஇ றாத்திபுக்குரிய அதே பெரியார். இமாம் தஹபி பதிந்திருப்பதன்படி, தொழுகை நேரம் வந்தபோது பூனை அவருடைய சட்டைக் கையில் உறங்கிக்கொண்டிருந்தது. கையை வெட்டிவிட்டு எழுந்தார். தொழுது முடித்த பின் உட்கார்ந்து, வெட்டிய துண்டைத் திரும்ப இணைத்துத் தைத்தார். ஒன்றும் மாறிவிடவில்லை என்றும் சொன்னார்.

மேடைக் கதையில் வெட்டுவதோடு கதை முடிகிறது. வரலாற்று நூலில் தைப்பதும் இருக்கிறது. அந்தத் தையல்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. இரக்கத்துக்கு ஒரு செலவுண்டு. அந்தச் செலவை யாரோ ஒருவர் உட்கார்ந்து ஊசியும் நூலும் கொண்டு ஈடுசெய்ய வேண்டியிருக்கிறது.

*

இனி எங்கள் மலைக்கு வருகிறேன். மலையகத்தின் கம்பளி வரலாறு இரக்கத்தில் தொடங்கவில்லை. தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளிக்குத் தோட்டத்திற் கிடைத்தது முரட்டுக் கறுப்புக் கம்பளி. மழைக்கும் குளிருக்கும் இரவுப் படுக்கைக்கும் அது ஒன்றே. கொழுந்தெடுக்கும் பெண் தலையிலிருந்து முதுகுவரை போட்டுக்கொண்டு, அதன் மேலே கூடைக் கயிற்றை நெற்றியில் மாட்டிக்கொள்வாள். அதன் விலை தொழிலாளியின் கணக்கிற் பற்றெழுதப்பட்டது. ஒருவன் தோட்டத்துக்குள் நுழைந்ததும் அவனுடைய கடன் தொடங்கிவிடும். அந்தக் கடனில் அவன் போர்த்த கம்பளியும் ஒன்று.

உம்மாவின் பின்னல் இந்தக் கம்பளிக்குப் பக்கத்து வீட்டிலிருந்து வந்தது. எங்கள் அப்பா, அதாவது உம்மாவின் வாப்பா, தோட்டத்துக்குப் பக்கத்தில் சில்லறைக் கடை வைத்திருந்தார். பிள்ளைமடுவத்தில் வேலை செய்த ஆயம்மா கடைக்கு வந்து போவார். துரை வீட்டில் முன்னர் வேலை செய்தபோது பின்னக் கற்றுக்கொண்டவர். பழைய சுவெட்டர்களைப் பிரித்துப் பிள்ளைகளுக்குத் தொப்பி பின்னுவார். அதை உம்மாவுக்கும் பழக்கினார்.

1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. 1948இல் குடியுரிமையை இழந்தவர்களில் 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்பது என்றும், எஞ்சிய 150,000 பேர் பற்றிப் பின்னர் தீர்மானிப்பது என்றும் எழுதினார்கள். எழுபதுகளில் எங்கள் பக்கத்து லயங்கள் ஒவ்வொரு காம்பராவாக வெறுமையாகின. பெட்டி கட்டி, ரயிலேறி, தலைமன்னார் போய், கப்பலில் இராமேஸ்வரம் இறங்கி, மண்டபம் முகாம் வழியாகக் கோத்தகிரி, கூடலூர் என்று பிரிந்து போனார்கள். ஆயம்மாவின் குடும்பமும் போனது. போகும் நாளில் அவர் கடை வாசலுக்கு வந்து, இரண்டு இரும்புப் பின்னலூசிகளையும் ஒரு சாம்பல் நிறப் பூனையையும் உம்மாவிடம் கொடுத்தாராம். "இது ரெண்டையும் கப்பல்ல ஏத்த மாட்டாங்க பாப்பா. ஊசிய வச்சிக்க. இதுக்குச் சோறு வை" என்றாராம். ஊசியைக் கப்பலில் தடுத்திருக்க மாட்டார்கள் என்று உம்மா பிறகு நினைத்துக்கொண்டார். பூனையை மட்டும் கொடுத்தால் உம்மா மறுத்துவிடுவாரோ என்ற பயத்தில் ஊசியையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறார் அந்த மனுஷி. எங்கள் வீட்டில் குட்டியோடு கம்பளியும் சேர்ந்து போகும் வழக்கத்தின் தொடக்கம் அதுதான்.

போனவர்கள் எத்தனை பேர் என்பதற்குக் கணக்குண்டு. அவர்கள் விட்டுப்போன பூனைகளுக்கும் கோழிகளுக்கும் கணக்கில்லை. யுத்தம் காரணமாகத் தலைமன்னார்க் கப்பல் நின்றது 1984இல். அதே 1984இல் பாவ்லோ பெல்லகட்டா என்ற இத்தாலியர் இலங்கையின் தெருப்பூனைகள் சிலவற்றைத் தம் நாட்டுக்குக் கொண்டுபோனார். அங்கே அவை "சிலோன்" என்ற தனி இனமாக வளர்க்கப்பட்டுக் கண்காட்சிகளில் வைக்கப்பட்டன. நம் தெருப்பூனைக்கு வெளிநாட்டிற் கிடைத்த வம்சப் பட்டியலும், மலையகத்து மனிதருக்குச் சொந்த நாட்டிற் கிடைக்காத பிரஜாவுரிமையும் ஒரே காலத்துச் செய்திகள். பூனையின் மீது இதில் குற்றமில்லை.

*

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்தது. அந்த ஒப்பந்தத்துக்கு ஐம்பது ஆண்டு நிறைவதற்கு முதல் நாள். லயங்கள் மண்ணுக்குள் போயின. பாடசாலைக்குப் புறப்பட்டுப் போயிருந்த பிள்ளைகள் பிழைத்தார்கள். திரும்பி வந்தபோது அவர்களிற் பலருக்கு வீடில்லை, சிலருக்குப் பெற்றோரும் இல்லை. அந்த இடம் ஆபத்தானது என்று கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. தப்பியவர்களையும் அயல் லயங்களிலிருந்து அகற்றப்பட்டவர்களையும் கொஸ்லந்தை, பூனாகலைப் பாடசாலைகளில் தங்கவைத்தார்கள். பிறகு பலர் ஏறத்தாழ இரண்டாண்டு காலம் கைவிடப்பட்ட தேயிலைத் தொழிற்சாலையொன்றில் இருந்தார்கள்.

உணவுப் பொதி பகிரவும் பெயர் எழுதவும் போன ஆசிரியர்களில் நானும் ஒருவன். முகாமில் ஒரு பாட்டி என் சாரத்தைப் பிடித்து இழுத்து, "சேர், எங்க லயத்துக்குப் போற ஆள் யாரும் இருக்கா?" என்று கேட்டார். நகையோ அடையாள அட்டையோ விட்டு வந்திருப்பார் என்று நினைத்தேன். "பூன குட்டி போட்டிருந்துச்சு. நாலு. அடுப்புக்குப் பின்னால" என்றார். அங்கே எவரையும் போக விடவில்லை. நான் அவரிடம் பொய் சொல்லவுமில்லை, உறுதி கொடுக்கவுமில்லை. பெயரை எழுதிக்கொண்டு நகர்ந்தேன். எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ தாய்ப்பூனை ஒரு குட்டியைக் கவ்விக்கொண்டு முகாமுக்கு வந்து சேர்ந்தது. அந்தப் பாட்டியின் பூனைதானா என்பது எனக்கு நிச்சயமில்லை. பாட்டிக்கு நிச்சயமாக இருந்தது.

அந்நாட்களில் கொழும்பிலிருந்து நிவாரண உடுப்பு மூட்டைகள் வந்தன. அவற்றில் வெளிநாட்டுப் பெரிய ஆட்களின் சுவெட்டர்கள் ஏராளம். இங்கே எவருக்கும் அளவில்லை. உம்மா அவற்றை வாங்கிவரச் சொன்னார். நுனி பிடித்துப் பிரித்து, நூலைச் சுடுநீரில் நனைத்துக் காயப்போட்டு, உருண்டையாகச் சுற்றி, பிள்ளைகளுக்குத் தொப்பியும் மேசும் பின்னினார். ஆயம்மாவின் ஊசிகள்தாம். தொப்பிக்கும் மேசுக்கும் போதாத கடைசித் துண்டு நூல்களை வீணாக்காமல் சேர்த்து, பல நிறத்தில் ஒரு சிறு விரிப்புப் பின்னி அந்தப் பாட்டியின் பூனைக்கு அனுப்பினார். 2023 மார்ச்சில் பூனாகலைக் கபரகலையில் மண் சரிந்தபோதும் இதே வேலை நடந்தது. அப்போது பின்னுவதற்குப் பதினொரு மாணவியர் இருந்தார்கள்.

நண்பரின் முதற் கேள்விக்கு இப்போது வருகிறேன். மனிதருக்கே இல்லாதபோது பூனைக்கா? பைபர்ஸின் காலம் செழிப்பான காலமல்ல. 1258இல் பக்தாத் வீழ்ந்தது. 1260இல் ஐன் ஜாலூத்தில் மங்கோலியரோடு போர். தொடர்ந்து சிலுவைப் படையினரோடு போர். பூனைகளுக்கான வக்பு அந்தக் காலத்தில்தான் எழுதப்பட்டது. நம் காலத்தில் அலெப்போ நகரம் குண்டுவீச்சில் அழிந்துகொண்டிருந்தபோது அம்புலன்ஸ் சாரதியான முஹம்மத் அலா அல்ஜலீல் என்பவர், ஓடிப்போனவர்கள் விட்டுச்சென்ற பூனைகளுக்குக் காப்பகம் நடத்தினார். 2016இல் அது அழிந்தது. நகருக்கு வெளியே மீண்டும் தொடங்கினார். அவர் காயம்பட்ட மனிதரை ஏற்றி இறக்குவதை நிறுத்திவிட்டுப் பூனைக்குப் போகவில்லை. அந்த வேலையைச் செய்துகொண்டே இதையும் செய்தார். எங்கள் முகாமிலும் எல்லாம் இழந்து நின்ற ஒருத்திதான் பூனையைக் கேட்டாள். வயிறு நிறைந்தவர்கள் கேட்கவில்லை.

ஆயினும் இரக்கம் மட்டும் போதாது என்பதை நான் என் பிழையால் அறிந்தேன். சில ஆண்டுகளுக்கு முன், கேட்டு வந்த ஒருவருக்கு விசாரியாமல் ஒரு குட்டியைக் கொடுத்தேன். களஞ்சிய அறையில் எலித் தொல்லை என்றார். பெருநாளுக்கு ஊருக்குப் போனவர்கள் குட்டியை உள்ளே விட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். எலி இருக்கிறதுதானே, தின்னும் என்று நினைத்தார்களாம். வந்து திறந்தபோது அது செத்துக் கிடந்தது. விரிப்பு மூலையில் மடித்தபடியே இருந்தது. அடைத்து வைக்கப்பட்ட பூனையைப் பற்றிய ஹதீஸை அதற்கு முன் எத்தனையோ முறை வகுப்பில் சொல்லியிருக்கிறேன். அன்றிலிருந்து அதை என்னை நீக்கிவிட்டுச் சொல்ல முடிவதில்லை.

அதன் பிறகு ஒரு சீ.ஆர். கொப்பி போட்டோம். யார் வீடு, யார் சோறு வைப்பார், பயணம் போனால் யார் பார்ப்பார் என்று கேட்டு எழுதுகிறோம். பத்தாம் நாள் ஒருவர் போய்ப் பார்த்து வருவார். விசர்நோய்த் தடுப்பூசி போட்ட திகதியும் அதில் இருக்கும். இந்நாட்டில் 1973ஆம் ஆண்டில் மாத்திரம் அந்நோயால் 377 பேர் இறந்தார்கள். தடுப்பூசி பரவிய பின்னரே அந்த எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது. ஆகவே அயலவரின் பயத்தைப் பழிக்க முடியாது. பெட்டைக் குட்டிகளைப் பெருக்கம் தடுக்கும் சத்திரசிகிச்சைக்கு அனுப்புவது பற்றி ஆலிம் ஒருவரிடம் கேட்டோம். பிறந்து பட்டினியிற் சாவதைத் தடுக்கும் நோக்கமென்றால் கூடும் என்றார். அந்தச் செலவுக்கு மாணவியர் பின்னும் குழந்தைத் தொப்பிகளைப் பண்டாரவளையில் விற்கிறோம். தொப்பிக்குப் பணம் வாங்குகிறோம். பூனைக்கு வாங்குவதில்லை. இமாம் நவவியின் வரியை நான் கொப்பியின் முதற் பக்கத்தில் எழுதவில்லை. ஆனால் கணக்கு அதன்படிதான் நடக்கிறது.

1907ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க மிருகவதைத் தடுப்புக் கட்டளைச் சட்டம் விதித்த உச்ச அபராதம் 100 ரூபா. ஒரு குட்டியைச் சாக்கிற் கட்டி ஆற்றில் எறிபவனுக்கு அந்தத் தொகை ஒரு தேநீரும் வடையுமளவுக்குக்கூட வலிக்காது. சட்டம் திருந்தும்வரை காத்திருந்தால் சாக்குகள் நிற்கப்போவதில்லை. பிள்ளைகள் பழகவேண்டும். அவர்கள் பழகுவதைத்தான் நான் சனிக்கிழமைகளிற் பார்க்கிறேன்.

போன மாதம் றிபாஇ நாயகத்தின் சட்டைக் கதையைத் திண்ணையில் சொன்னேன். ஆயம்மாவின் ஊசியால் இப்போது பின்னுகிறவள் ஒரு லயத்துப் பிள்ளை, ஒன்பதாம் ஆண்டு. அவள் கண்ணியை எண்ணிக்கொண்டே கேட்டாள்: "சேர், வெட்டின கைய யாரு தச்சது? அவங்க வீட்டம்மாவா?"

"இல்ல, அவரேதான் உக்காந்து தச்சார்" என்றேன்.

அவள் வேலியோரம் நின்ற பையன்களைத் திரும்பிப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த சனிக்கிழமை இரண்டு பையன்கள் வந்து, ஊசி மிச்சம் இருக்கிறதா என்று உம்மாவிடம் கேட்டார்கள். உம்மா மூங்கிலைச் சீவி இரண்டு சோடி செய்து கொடுத்திருக்கிறார்.